எழும்பித்தானே ஈக்கிறீங்க

தலையணை உறைக்குள் கிடக்கும் ஃபோன் கன்னத்தில் உறுமத் தொடங்கியதும் நஸ்லியா அதை அமத்திவிடுவாள். மணியடிக்க விட்டால் வீடு எழும்பிவிடும். பிறகு கால்மாட்டால் இறங்கி, கிறீச்சிடும் அறைக் கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துத் திறப்பாள். குசினியில் லைட் போடமாட்டாள். அரிசி வாளிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னப் பலகையில் உட்கார்ந்து, துப்பட்டாவைத் தலைக்கும் ஃபோனுக்குமாகச் சேர்த்துப் போர்த்திக்கொண்டு எழுதத் தொடங்குவாள். திருடப் போகிறவள்கூட இவ்வளவு பாடுபடமாட்டாள். போன நோன்புக்குப் பிறகு சில மாதம் இப்படித்தான் நடந்தது.

நஸ்லியாவின் கணவர் தாஸிமுக்கு மடவளை பஜாரில் திரைச்சீலைக் கடை. கடைக்கு வேண்டிய தையல் முழுக்க நஸ்லியாதான். ஹோலில் மெஷின், மெஷினைச் சுற்றிக் கதிரைகளிலெல்லாம் துணி. விருந்தாளி வந்தால் உட்கார இடமில்லை. “முழு நாளும் நேர்கோடுதான் தைக்கிறேன் மிஸ். ஒரு வளைவுகூட இல்ல” என்பாள் என்னிடம். கம்பளையில் நான் நடத்தும் சிறு சஞ்சிகையில் அவளுடைய கதைகள் இரண்டு வந்திருக்கின்றன. அந்த இதழ்களைத் தாஸிம் தன் அலுமாரியில் சாரங்களுக்குக் கீழே பத்திரமாக வைத்திருக்கிறார். மடிப்பு இன்னும் புதுசாகவே இருக்கிறது.

அதிகாலையில் எழும்பும் யோசனையை அவளுக்குக் கொடுத்தவர் கண்டியில் ஒரு நூல் வெளியீட்டில் பேசிய பெரியவர். நேரமில்லை என்பது சோம்பேறிகளின் சாட்டு, நான் நாலு மணிக்கு எழும்பி எழுதுகிறேன், பெண்களும் அப்படிச் செய்யலாமே என்று மேடையில் முழங்கினார். கேள்வி நேரத்தில் நஸ்லியா எழும்பி நின்றாள். “நாலு மணிக்கு ஒங்களுக்குத் தேத்தண்ணி யாரு ஊத்தித் தாற, சேர்?” மண்டபமே சிரித்தது. பெரியவரும் சிரித்தார். அவள் பகிடிக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

நோன்பு மாதம் அவளுக்கு வாய்ப்பாகப் போனது. நோன்பு பிடிக்க விடிய முன் சஹர் சாப்பாட்டுக்கு எழும்பும் வீடு, சுபஹ் தொழுதுவிட்டுத் திரும்பப் படுத்துவிடும். அந்த அமைதியில் அவள் ஒரு நீண்ட கதை தொடங்கினாள். கணவனோடு கோபித்துக்கொண்ட ஒரு பெண் கண்டியில் பஸ் ஏறுகிறாள். கட்டுகஸ்தோட்டையில் இறங்கித் தாய் வீட்டுக்குப் போவதா, பேசாமல் திரும்பிப் போவதா என்று அவள் முடிவெடுக்க வேண்டும். பெருநாள் முடிந்த பிறகும் நஸ்லியா அந்த நேரத்தை விடவில்லை. சஹர் நேரத்துக்கே எழும்பினாள், குசினி லைட்டைப் போட்டாள், எழுதினாள்.

லைட்டைப் போட்டதுதான் பிழை. முதலில் கண்டவர் மாமி, தாஸிமின் தாய். “எழும்பித்தானே ஈக்கிறீங்க மகள், எனக்குக் கொஞ்சம் சுடுதண்ணி வெச்சித் தாங்களே.” அடுத்தது மகள் இல்மா, உயர்தரம் படிக்கிறவள். “எழும்பித்தானே ஈக்கிறீங்க உம்மா, என்னையும் எழுப்பி விடுங்க.” எழுப்பினால் எழும்பமாட்டாள், எழுப்பாவிட்டால் நாள் முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்திருப்பாள். பக்கத்து வீட்டுக்காரிக்கும் சேதி போய், தன் மகன் கொழும்புக்குப் போகிற நாட்களில் அவனை எழுப்ப ஒரு மிஸ்கோல் அடித்துவிடச் சொன்னாள். ஒருத்தரும் கெட்டவர்களில்லை. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கெட்டவர்கள் என்றால் இரண்டு வார்த்தை ஏசியாவது ஆறலாம்.

அதனால்தான் அவள் லைட்டை விட்டுவிட்டு இருட்டுக்குள் போனாள். பேப்பரை விட்டு ஃபோனுக்கு வந்தாள். தமிழ் தட்ட அவளுக்குத் தெரிந்த ஒரே இடம் வட்ஸ்அப். தன் நம்பருக்கே தான் அனுப்பிக்கொள்ளும் செய்திகளாகக் கதை வளர்ந்தது. நல்லாகத்தான் போனது. தாஸிமின் தங்கச்சி றம்லத் கட்டாரில் இருக்கிறாள். புருஷனுக்கு நைட் டியூட்டி, அவளுக்குத் தூக்கம் வராது. ஃபோனை நோண்டிக்கொண்டு கிடந்தவளின் கண்ணில் நஸ்லியாவின் பெயருக்குக் கீழே ‘ஓன்லைன்’ பட்டது. அடுத்த நாளும் பட்டது. அதற்கடுத்த நாள் நானா தாஸிமுக்குக் கோல் எடுத்தாள். “சும்மாதான் கேக்கிறேன் நானா. நஸ்லியா மச்சி விடிய முன்ன யாரோட ஓன்லைன்ல நிக்கிற?”

தாஸிம் சத்தம் போடவில்லை. மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்று கையை நீட்டினார். நஸ்லியா ஃபோனைக் கொடுத்தாள். அவர் நின்றபடியே பார்த்தார். பெருவிரல் மேலே போனது, கீழே வந்தது, மறுபடி மேலே போனது. பிறகு முகம் தெளிந்து சிரித்துவிட்டார். “இதானா புள்ள? நான் என்னமோ ஏதோண்டு பயந்துட்டேன்.” ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாசல் வரை போனவர் திரும்பினார். “எழும்பித்தானே ஈக்கிறீங்க, இனி எனக்கும் அந்த நேரம் ஒரு ப்ளேன்டீ ஊத்திடுங்க.”

“சந்தேகப்பட்டதுகூட எனக்கு அவ்வளவு நோகல்ல மிஸ்” என்றாள் நஸ்லியா. “அவ்வளவையும் பாத்தாரே, அந்தப் பொம்பள எறங்கினாளா இல்லியாண்டு ஒரு சொல்லுக் கேக்கல்ல.” இதைச் சொல்லும்போது திரைச்சீலைக்கு வளையம் அடித்துக்கொண்டிருந்தாள். சுத்தியல் அன்றைக்குக் கொஞ்சம் பலமாகவே விழுந்தது.

இப்போது வீட்டில் அவளுக்கு ஒளிக்க ஒன்றுமில்லை. தாராளமாக லைட் போடலாம். ஆனால் குசினியில் சத்தம் கேட்க வேண்டும். கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தால் மாமியின் அறையிலிருந்து குரல் வரும். “மகள், சத்தத்தக் காணல்ல, தூங்கிட்டீங்களா?” எழுதுவது சத்தமில்லாத வேலை. அந்த வீட்டில் சத்தமில்லாத வேலை வேலையில்லை. கதை எங்கே என்று நான் ஃபோனில் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான். “அவ இன்னும் பஸ்ஸிலேயே ஈக்கிறா மிஸ். எறங்க நேரம் குடுக்கிறாங்க இல்ல.” சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

போன மாதம் கண்டிக்கு வந்த நான் மழையில் மாட்டிக்கொண்டேன். மண் சரிந்ததால் கம்பளைப் பாதையை மூடிவிட்டார்கள். சேதி கேட்ட நஸ்லியா விடவில்லை, கண்டிக்கே வந்து மடவளைக்குக் கூட்டிப்போய்த் திரைச்சீலைக் கட்டுகளை ஒதுக்கி ஹோலில் எனக்குப் பாய் போட்டாள். தாஸிம் மழையில் நனைந்துகொண்டு போய் எனக்காக மரக்கறி ரொட்டி வாங்கி வந்தார். நல்ல மனுஷன், வேறென்ன சொல்ல.

விடிய முன் கரண்டிச் சத்தம் கேட்டு விழித்தேன். கோப்பையில் சீனி கலக்கும் சத்தம், நிற்காமல் கேட்டது. ஒரு தேத்தண்ணிக்கு இவ்வளவு கலக்கலா என்று எழும்பிப் போய்க் குசினி வாசலில் நின்றேன்.

கேத்தல் அடுப்பில் இருந்தது. அடுப்பு இன்னும் பற்றவைக்கப்படவில்லை. நஸ்லியா பலகையில் உட்கார்ந்திருந்தாள். வலது கையில் ஃபோன். இடது கையில் கரண்டி, அதன் கீழே ஒரு கோப்பை. உள்ளே தேத்தண்ணியும் இல்லை, சீனியும் இல்லை.

“எறங்கிட்டாளா?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“இப்பதான் பெல் அடிச்சா” என்றாள், தலையை நிமிர்த்தாமலே.

அறைக்குள்ளிருந்து தாஸிமின் தூக்கக் குரல் வந்தது. “தேத்தண்ணி ஆகல்லியா புள்ள?”

“சீனி கலக்குறேன்” என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, நஸ்லியா வெறும் கோப்பைக்குள் கரண்டியை இன்னும் வேகமாகச் சுற்றினாள். வலது பெருவிரல் நிற்கவில்லை.