ரயிலின் வயிற்றைப் பார்த்தவன்

பாக்கார் ஆராங்கில் ஒரு வரிசை வீடுகள் நான் கட்டியவை. ஜித்ராவில் ஒரு மூலைக்கடை, மாடியோடு சேர்த்து, நான் கட்டியது. புக்கிட் செலம்பாவ் பக்கம் மழைக்கு ஒதுங்கினால் ஒரு பஸ் நிறுத்தம் இருக்கும், அதுவும் நான்தான். கோழிக்கூடுகளைச் சேர்க்கவில்லை, சேர்த்தால் பீற்றிக்கொள்கிறான் என்பார்கள். இத்தனைக்கும் நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனது மழை நாளில் மட்டும்தான். வெயில் அடித்தால் மாட்டுக்குப் புல் அறுக்கப் போய்விடுவேன். முதல் வீடு கட்டும்போது பிளானை எந்தப் பக்கம் மேலே வைத்துப் பார்ப்பது என்றுகூட எனக்குத் தெரியாது. தலைகீழாகப் பிடித்தே கட்டி முடித்தேன். அடுப்படி வாசல் பக்கம் வந்துவிட்டது. வாசலில் யார் வருகிறார்கள் என்று சமைத்துக்கொண்டே பார்க்கலாம் என்று அந்த வீட்டம்மா இன்றைக்கும் என்னைப் புகழ்கிறார்.

ஆனால் இதை எழுத உட்கார்ந்தது வீடுகளுக்காக இல்லை. புக்கிட் செலம்பாவில் செம்பனைத் தோட்டம் ஒன்றின் ஓரத்தில், ஒரு பழைய ரயில் பெட்டிக்குள் சாப்பாட்டுக்கடை நடக்கிறது. அந்தப் பெட்டி என்ன பெட்டி என்று கண்டுபிடித்துச் சொன்னவன் நான். அங்கே மாட்டியிருக்கும் போர்டில் இருப்பதோ என் மச்சான் பெயர். நியாயமா என்று நீங்களே படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

எனக்கு ரயிலைப் பற்றி எப்படித் தெரியும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் கித்தாத் தோட்டத்துக்குப் பின்னால், ரப்பர் மரங்களை ஒட்டி, ரயில் பாதை போனது. ஓடைக்கு மேலே ஒரு சின்ன இரும்புப் பாலம். தண்டவாளக் கட்டைகளுக்கு நடுவே வானம் தெரியும். அதன் மேலே வரும்போது ரயில் மெதுவாகத்தான் போகும். நாங்கள் சில பையன்கள் பாலத்துக்கு அடியில், கரைச்சுவரின் திட்டில் உட்கார்ந்துகொண்டு அண்ணாந்து பார்ப்போம். மற்றவர்கள் ரயிலின் முகத்தைப் பார்த்தார்கள், நாங்கள் வயிற்றைப் பார்த்தோம்.

அந்தக் காலத்துப் பெட்டிகளில் கக்கூஸ் குழாய் நேரே தண்டவாளத்தில்தான் திறக்கும். பாலத்தில் தண்டவாளத்துக்குக் கீழே என்ன இருக்கிறது? நாங்கள் இருக்கிறோம். ஆகவே எந்தப் பெட்டிக்கு எங்கே குழாய் என்று தெரிந்துவைத்திருப்பது எங்களுக்குப் பொழுதுபோக்கு இல்லை, தற்காப்பு. மூன்றாம் வகுப்புக்கு இரண்டு முனையிலும் குழாய், இரண்டு தடவை ஒதுங்க வேண்டும். சாமான் பெட்டிக்குக் குழாயே கிடையாது, அது வந்தால் கால் நீட்டி உட்காரலாம். முதல் வகுப்புக்குக் குழாய் இருந்தும் பெரும்பாலும் ஒன்றும் விழாது. பணக்காரர்கள் வீட்டிலேயே எல்லாவற்றையும் முடித்துவிட்டு வருவார்கள் போல என்று நினைத்துக்கொள்வோம்.

எங்களுக்கு ராஜா பெட்டி, பஃபே பெட்டி. ஓடும்போதே உள்ளே சமைத்து விற்பார்கள். அதற்கு மட்டும் நட்டநடுவில் இன்னொரு குழாய் இருக்கும். சின்னது, வாயில் சதுரமாக இரும்புப் பட்டை அடித்தது. அது பாத்திரம் கழுவும் தொட்டியின் குழாய். அதிலிருந்து சோற்றுப் பருக்கை, முட்டை ஓடு, ஒருநாள் ஒரு கரண்டிகூட விழுந்தது. முதலில் பார்த்தவன் "நடு!" என்று கத்த வேண்டும். கத்தத் தவறியவன் அடுத்த ரயிலுக்குக் காட்டுச் சேம்பு இலைக் குடை இல்லாமல் உட்கார வேண்டும். நான் குடை இல்லாமல் உட்கார்ந்ததே இல்லை. சாட்சிக்கு ஆள் கேட்காதீர்கள், பாதிப் பேர் செத்துவிட்டார்கள்.

மச்சான் அந்தப் பக்கமே வரமாட்டார். என் மனைவியின் அண்ணன், அதே தோட்டத்தில் வளர்ந்தவர். சட்டை அழுக்காகிவிடும் என்பார். அவருக்குப் பட்டர்வொர்த்தில் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். தீபாவளிக்குத் தீபாவளி டிக்கெட் எடுத்து, சப்பாத்து மாட்டி, பெட்டிக்குள் ஏறிப் போனவர். அந்தத் திமிர் இன்னும் போகவில்லை.

இப்போது கடைக்கு வருகிறேன். கடைக்காரப் பெண் என் பழைய கூட்டாளியின் மகள். தோட்டத்துக்காரர்கள் உரம் போட்டுவைத்து, பிறகு கோழி அடைத்த பெட்டியை அவள் வாங்கி, கழுவி, சாயம் பூசி வைத்திருந்தாள். என்ன பெட்டி என்று எழுதி வாசலில் போர்டு மாட்ட அவளுக்கு ஆசை. ஆனால் பொய்யாக எதையும் எழுத மாட்டாளாம். அதற்காகத்தான் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டாள். எனக்கு உடனே போர்டில் என் பெயர் தெரிந்தது. மச்சானுக்கும் அவர் பெயர்தான் தெரிந்திருக்கும்.

மச்சான் உள்ளே ஏறினார், ஜன்னல் கட்டையைத் தட்டினார், தீர்ப்புச் சொன்னார்.

"தேர்ட் கிளாஸ்தான்மா. இந்த மாதிரி ஜன்னல்லதான் நான் தலைய நீட்டிக்கிட்டுப் போவேன்."

"அங்கிள், நீங்க என்னா சொல்றீங்க?" என்று என்னைப் பார்த்தாள்.

நானும் முன்னும் பின்னும் நடந்தேன். ஒன்றுமே பிடிபடவில்லை. ரயில் என்றால் எனக்குத் தலைக்கு மேலே இருக்கும் பொருள். உள்ளே நின்றால் எனக்கு அது ஒரு நீளமான அறை, அவ்வளவுதான்.

"ஒரு அட்டப்பெட்டி கொடும்மா, விரிச்சுப் படுக்கணும்" என்றேன்.

"ஐயோ, அங்கிளுக்கு மயக்கமா?"

"மயக்கம் இல்லம்மா. இவன் எப்பவும் தோக்கற நேரத்துல படுத்துக்குவான்" என்றார் மச்சான்.

கைலியை மடித்துக் கட்டி, அட்டையை விரித்து, பெட்டிக்கு அடியில் மல்லாந்து நகர்ந்தேன். முட்டி இரண்டும் சத்தம் போட்டன. ஆனால் மேலே பார்த்த மாத்திரத்தில், ஐயா, சொந்தக்காரன் முகத்தைக் கல்யாண வீட்டில் பார்த்த மாதிரி இருந்தது. ஒரு முனையில் பெரிய குழாயை அறுத்த வடு. நகர்ந்து நகர்ந்து நடுவுக்கு வந்தேன். துருப்பிடித்த தகரம் ஒன்று அடித்திருந்தது. அதைச் சுற்றிச் சதுரமாக இரும்புப் பட்டை.

"நடு!" என்று கத்தினேன். என் வயதுக்கு அப்படிக் கத்தக் கூடாது.

"என்னா நடு? பாம்பா?" மேலேயிருந்து மச்சான்.

"பஃபே பெட்டிலா! உங்க காலுக்குக் கீழ ஓட்ட இருக்கு, தரை விரிப்ப எடுத்துட்டுக் குத்திப் பாருங்க!"

"இங்க ஓட்டயும் இல்ல, ஒன்னும் இல்ல. பேசாம வெளிய வாலா."

"வலது பக்கம் நகருங்க. உங்க வலது இல்ல மச்சான், என் வலது!"

"படுத்திருக்கறவனுக்கு எதுலா வலது?"

கடைக்காரப் பெண் சிரித்துக்கொண்டே விரிப்பை உரித்து, துடைப்பத்தை அவர் கையில் கொடுத்தாள். அவர் இடித்தார், நான் வழி சொன்னேன். "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று நான் வாயைத் திறந்திருந்த நேரத்தில் தகரம் பிய்ந்தது. துரு, உரத்தூள், கோழி இறகு, எந்தக் காலத்திலோ செத்த கரப்பான், எல்லாம் ஒன்றாக என் வாய்க்குள் வந்தன. பின்னாலேயே துடைப்பக்கட்டை இறங்கி என் மூக்குக்கு மேலே நின்றது. பாத்திரத் தொட்டியின் ஓட்டை. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

"அங்கிள், பஃபே பெட்டி! நெசமாவே பஃபே பெட்டி!" என்று அவள் குதித்தது கீழே எனக்கு இடி இடித்த மாதிரி கேட்டது. உடனே வெளியே ஓடிப்போய்க் கைத்தொலைபேசியில் படம் எடுத்தாள். நான் எழுந்து குழாயடிக்குப் போய்க் கண்ணையும் வாயையும் கழுவினேன். கழுவ நேரம் பிடித்தது; இறகு சுலபத்தில் போகாது. திரும்பி வருவதற்குள் மச்சான் தன் பக்கத்துக் கதையைச் சொல்லி முடித்துவிட்டிருந்தார்.

கடை திறந்த அன்று போர்டைப் பார்த்தேன். பஃபே பெட்டி என்று கொட்டை எழுத்தில் சரியாகத்தான் இருந்தது. அடையாளம் கண்டவர் என்ற இடத்தில் மச்சான் பெயர்! கடைசிவரை தேர்ட் கிளாஸ் என்று சாதித்தவர்! கேட்டால் சொல்கிறார்:

"குத்துனது யாருலா? ஓட்டய மொதல்ல பாத்தது யாரு? நான்தானே. நீ படுத்துக்கிட்டு இருந்த."

அவருக்கு அங்கே கோப்பி இலவசம். நான் போனால், "வாலா, என் கணக்குல ஒன்னு குடி" என்று என்னையே உபசரிக்கிறார். கடைக்காரப் பெண்ணோ, "போர்டு அடிச்சாச்சு அங்கிள், பாப்போம்" என்று நழுவுகிறாள்.

போர்டுக்குப் பக்கத்தில் அந்தப் படத்தையும் பெரிதாக்கி மாட்டியிருக்கிறாள். பெட்டி வாசலில் மச்சான் துடைப்பத்தை வேல் மாதிரி பிடித்துக்கொண்டு நிற்கிறார். கீழே, பெட்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. பசியாற வருகிறவர்கள், பெட்டி ரிப்பேர் பார்க்க வந்த ஆள் போலிருக்கிறது என்று பேசிக்கொள்வதை என் காதால் கேட்டேன்.

ஆகவே கடைக்காரப் பெண்ணுக்கு நான் இதன் மூலம் சொல்வது: போர்டை மாற்று. அடையாளம் கண்டவன் நான் என்று எழுது. மச்சானை அடியோடு எடுக்கச் சொல்லவில்லை, எனக்கும் வீட்டில் சோறு வேண்டும். துடைப்பம் பிடித்தவர் என்று சின்ன எழுத்தில் அவரைப் போட்டுக்கொள். போர்டு செய்ய நாளாகும் என்றால், அதுவரைக்கும் அந்தப் படத்தில் கால்களுக்கு நேராக ஒரு அம்புக்குறி போட்டு, என் பெயரை எழுதி ஒட்டு. இரண்டு காலும் என்னுடையவை.