திருத்தணியிலிருந்து ஒரு மூட்டை காலிக் கவர்

மகன் பிளஸ் டூ தேறினால் திருத்தணிக்கு வந்து படியேறுகிறேன் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். அவன் தேறி, கல்லூரியில் சேர்ந்து, ஒரு பேப்பரில் அரியரும் வைத்துவிட்டான். நான் இன்னும் போகவில்லை. முருகன் ஒன்றும் கேட்கவில்லை, எனக்குத்தான் உறுத்தியது. போன ஆடியில், கிருத்திகைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

சென்ட்ரலில் காலை 6.30 மின்சார ரயில். டிக்கெட் 25 ரூபாய், தூரம் சுமார் 85 கிலோமீட்டர். அரக்கோணத்தில் பாதிப் பெட்டி காலியாகிவிடும், அதுவரை இடத்துக்காக யாரோடும் சண்டை போடாதீர்கள். திருத்தணியில் இறங்கியபோது மணி 8.45. அங்கிருந்து மலையடிவாரத்துக்கு ஆட்டோக்காரர் 80 ரூபாய் கேட்டு 60க்கு வந்தார். மேலே வரை பஸ் உண்டு. ஆனால் என் வேண்டுதல் படிக்கு.

முதல் படிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பச்சைப் பலகை. 'சுத்தம் உங்கள் கையில்' என்று எழுதி, கீழே ஒரு சிப்ஸ் கம்பெனியின் முத்திரை போட்டிருந்தது. நல்ல வாசகம் என்று போட்டோ எடுத்துக்கொண்டேன். மக்களுக்குப் புத்தி இல்லை என்று மூன்று வருஷமாக இந்தப் பிளாக்கில் நானும் புலம்பிக்கொண்டுதான் இருக்கிறேன்.

365 படி. எனக்கு 40 நிமிடம் ஆயிற்று, அதில் 15 நிமிடம் மூச்சு வாங்கியது. பொது வரிசையில் 50 நிமிடம். தரிசனம் நன்றாகக் கிடைத்தது, அரியரையும் ஞாபகப்படுத்திவிட்டு இறங்கினேன்.

அடிவாரத்தில் தேவகி அக்காவின் கடை. ஒரு தள்ளுவண்டி, மேலே தார்ப்பாய், கம்பியில் சரம் சரமாகச் சிப்ஸ் பாக்கெட். நாற்பத்தைந்து வயதிருக்கும். வீட்டுக்காரர் ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி ஓட்டுகிறார், கடை முழுக்க அக்கா பொறுப்பு. மோர் 15 ரூபாய், சிப்ஸ் 10 ரூபாய். தின்று முடித்துக் கவரை அவர் வைத்திருந்த கூடையில் போட்டேன். போட்டதோடு விடாமல், எல்லாரும் இப்படிப் போட்டால் ஊர் எப்படி இருக்கும் என்று ஒரு பிரசங்கமும் செய்தேன்.

அக்கா கோபப்படவில்லை. கடைக்குப் பின்னால் கையைக் காட்டினார்.

"எல்லாரும் கரெக்டாத்தான் போடறாங்க மேடம். அதான் அங்க இருக்குது, ஏழு மூட்டை."

எட்டிப் பார்த்தேன். அரிசிச் சாக்குகளில் பளபளவென்று காலிக் கவர்கள், தறியில் மிஞ்சிய சிவப்பு நூலால் கட்டியிருந்தது. பழைய பேப்பர்காரர் பாட்டில் எடுப்பார், அட்டை எடுப்பார், இந்தக் கவரைத் தொட மாட்டாராம். குப்பை வண்டியோ, கடைக் குப்பை கடைக்காரர் பாடு என்று போய்விடுமாம். கவர்க் குப்பைக்காக நகராட்சி ஏற்கெனவே இரண்டு நோட்டீஸ் கொடுத்துவிட்டது, முதலாவது கடை முன் கால்வாயில் கவர் அடைத்ததற்கு. இன்னொரு தடவை என்றால் வண்டியையே அப்புறப்படுத்திவிடுவார்கள். இரண்டாவது நோட்டீஸுக்குப் பதில் எழுதிக் கொடுக்க அக்காவுக்கு எட்டு நாள் பாக்கி இருந்தது. கிருத்திகை நேரத்தில் கடை போனால் அந்த வருஷமே போச்சு.

பேசிக்கொண்டிருக்கும்போதே, 12.20க்கு, கடை கடையாகச் சரக்குப் போடும் வண்டி வந்தது, பச்சைப் பலகையில் முத்திரை போட்டிருந்த அதே சிப்ஸ் கம்பெனியுடையது. ஓட்டி வந்தவர் பாபு, இளவயதுக்காரர், நல்ல சிரிப்பு. எலி கடித்த பாக்கெட், காற்று இறங்கிய பாக்கெட், தேதி முடிந்த பாக்கெட் எல்லாவற்றையும் ரிட்டர்ன் என்று எடுத்து வண்டியில் போட்டுக்கொண்டார். கடைக்காரர்களுக்குத் தெரிந்த வழக்கம்தான் இது. அக்கா ஏழு மூட்டையையும் இழுத்து வந்து அவர் காலடியில் வைத்தார்.

"நல்ல பாக்கெட்டு உங்குளுது, கெட்ட பாக்கெட்டு உங்குளுது. காலி பாக்கெட்டு மட்டும் எப்டி நைனா என்னுது ஆச்சி?"

பாபு மூட்டைகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தார். எனக்கு உறைத்தது. சோடா கிரேட் இறக்கினால் காலி பாட்டிலை எண்ணி எடுத்துப்போவது உலக வழக்கம். இதற்கு மட்டும் பலகை வைத்து என்னிடம் சொல்கிறார்கள், நானும் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறேன். என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

பாபு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சரி, பேசாமல் வண்டியில் ஏற்றிவிடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். வேலை முடிந்தது என்று நினைத்தேன். அக்கா மூட்டை மேல் காலை வைத்துக்கொண்டு அசையவில்லை. போன மாதமும் இப்படித்தான் கம்பெனி வண்டியில் வந்த வேறொருவர் ஏற்றிப்போனாராம். மூன்றாம் நாள் அதே மூட்டைகள் நந்தி ஆற்றுப் பாலத்தடியில் கிடந்திருக்கின்றன. கட்டியிருந்த சிவப்பு நூலை வைத்து யார் மூட்டை என்று கண்டுபிடித்துவிட்டார்கள். இரண்டாவது நோட்டீஸ் வந்த கதை அதுதான்.

"எடுத்துகினு போறது பெருசு இல்ல. கம்பெனி எடுத்துகிச்சின்னு சீட்டுல எழுதிக் கொடு" என்றார் அக்கா.

ரிட்டர்ன் சீட்டில் காலிக் கவருக்கு இடமே கிடையாது. பாபு மேலே உள்ளவருக்குப் போன் போட்டார். இரண்டு நிமிடம் 'ஆங் சார், ஆங் சார்' என்று கேட்டுவிட்டு வைத்தார். முகம் வாடிப்போயிருந்தது. கம்பெனி ஒத்துக்காது என்றார். பிறகு பேனாவை எடுத்து, தன் பெயரிலேயே கையெழுத்துப் போடக் குனிந்தார்.

அக்கா பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்.

"நீ போடாத. என் தலைல கட்ன மாதிரி உன் தலைல கட்டிடுவாங்க. போட வேண்டியவன் வேற ஆளு."

அன்றைக்கு இறக்கிய புதுச் சரக்கையும் வேண்டாம் என்று திருப்பி ஏற்றச் சொல்லிவிட்டார். கம்பியில் மிச்சமிருந்த சரங்களையும் கழற்றிக் கொடுத்தார். கிருத்திகைக்கு வேர்க்கடலையும் கொய்யாவும் விற்கிறேன், காலிக் கவரை எடுக்கும் வரை இது என் கடையில் தொங்காது என்றார். பாபு வண்டியை எடுக்க ஐந்து நிமிடம் ஆயிற்று.

காலிக் கவர் ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். கம்பெனியின் தலைமை அலுவலக விலாசம் சென்னை. என் அலுவலகத்திலிருந்து இரண்டு பஸ் ஸ்டாப். ஒரு மூட்டையை என்னிடம் கொடுங்கள் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அக்கா ஒரு நிமிடம் என்னை எடைபோட்டுப் பார்த்துவிட்டு, இருப்பதில் பெரியதாக ஒன்றைத் தூக்கிக் கொடுத்தார்.

மாலை 3.15 ரயில். மூட்டையைப் பார்த்து இரண்டு பேர் முறுக்கு என்ன விலை என்று கேட்டார்கள்.

மறுநாள் 10.10க்குக் கம்பெனி வாசலில் நின்றேன். உள்ளே என்ன என்று செக்யூரிட்டி கேட்டார். உங்கள் பொருள்தான் என்றேன். வரவேற்பில் உட்கார வைத்தார்கள். ஒரு மணி நேரம் 40 நிமிடம் கழித்து, சுற்றுச்சூழல் பிரிவு என்று ஒரு தம்பி வந்தார். பொதுமக்களிடம் விழிப்புணர்வு போதவில்லை என்பதுதான் பெரிய பிரச்சினை என்று மெதுவாக விளக்கினார். ஒரு வேப்பங்கன்றும் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன், செடி என்ன பாவம் செய்தது? ஆனால் பொதுமக்கள் விழிப்பாகப் பொறுக்கிச் சேர்த்ததுதான் இந்த மூட்டை, பெற்றுக்கொண்டதாக எழுதித் தாருங்கள், அதுவரை நான் எழுந்திருக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டேன். கடைசியில், தபால் பிரிவில் இருந்த ஒரு அம்மா, எது வந்தாலும் சீல் போடுவதுதான் என் வேலை என்று சொல்லி, நான் எழுதிக்கொண்டுபோன தாளை வாங்கினார். 'காலிக் கவர், மூட்டை ஒன்று, பெறப்பட்டது.' கம்பெனி சீல், தேதி, கையெழுத்து.

அதன் நகலை வைத்து அக்கா நகராட்சிக்குப் பதில் கொடுத்தார். குப்பை யாருடையது என்று கம்பெனியே ஒப்புக்கொண்டிருக்கிறது, இனி அவர்களுக்கும் நோட்டீஸ் அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார். அதிகாரி இரண்டு தடவை படித்துவிட்டுக் கோப்பில் சேர்த்தாராம். இதை எழுதும் இன்று வரை வண்டி அதே இடத்தில் நிற்கிறது. மூன்றாவது நோட்டீஸ் வராது என்று யாரும் உறுதி சொல்லவில்லை.

புத்தி மக்களுக்கு வேண்டும், இல்லை என்று சொல்லவில்லை. தெருவில் வீசுகிறவரைக் கண்டால் இப்போதும் எனக்கு எரிச்சல்தான். ஆனால் மக்கள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்து முடித்த பிறகும் ஏழு மூட்டை மிஞ்சியிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். அதற்கு யாரிடம் போக வேண்டும் என்பதைக் கவரிலேயே அச்சடித்து வைத்திருக்கிறார்கள்.

சீல் போட்ட தாளைப் போட்டோ எடுத்து அனுப்பிய அன்று அக்கா கூப்பிட்டார். நன்றி கின்றி எல்லாம் இல்லை.

"ஒண்ணு போச்சி. இன்னும் ஆறு கீது. எப்ப வரீங்க மேடம்?"

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். செவ்வாய், கிருத்திகை தவிர்த்தால் கூட்டம் குறைவு. படி ஏறுவதென்றால் ஒன்பது மணிக்குள் தொடங்கிவிடுங்கள், பிறகு கால் சுடும். தண்ணீர் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். இறங்கியதும் சிப்ஸ் தொங்காத தள்ளுவண்டியைத் தேடுங்கள், வேர்க்கடலை 10 ரூபாய். சென்னைக்குத் திரும்புகிறவர்கள் ஆளுக்கு ஒரு மூட்டை வாங்கிக்கொள்ளுங்கள். நாலு கிலோகூட இருக்காது, ரயிலில் மேல் பலகையில் வைத்துவிடலாம். விலாசம் கவரின் பின்பக்கம் இருக்கிறது. தபால் பிரிவு 10 முதல் 5 வரை, ஒன்றிலிருந்து இரண்டு சாப்பாட்டு நேரம். மரக்கன்று கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். சீல் வாங்காமல் மட்டும் வெளியே வராதீர்கள்.