பாதி எலுமிச்சம்பழம்

நறுக்குவதற்கு முன் எலுமிச்சம்பழத்தை மேஜையில் வைத்து உள்ளங்கையால் நன்றாக உருட்டுவாள் நர்ஸ் ஸ்தாமென்கா. உருட்டினால்தான் சாறு இறங்கும். பிறகு குளுகோஸ் பொடியை டம்ளரில் கொட்டித் தண்ணீர் விட்டு, அடியில் மணல்போல ஒன்றும் தங்காத வரைக்கும் நீளக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருப்பாள். கடைசியில் நாலு சொட்டு எலுமிச்சை. டம்ளரை ஒரு சின்னத் தட்டில் வைத்து, வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல இரண்டு கையாலும் நீட்டுவாள்.

"குடிம்மா. ஒரே மூச்சுல. சாராயம்னு நெனச்சுக்கோ."

"சாராயமா இருந்தா இவ்வளவு கெஞ்சணுமா சிஸ்டர்? நானே எடுத்துக் குடிச்சிருப்பேனே!"

பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் வயிற்றுப்பிள்ளைக்காரிகள் சிரிப்பார்கள். ஸ்தாமென்கா சிரிக்க மாட்டாள். டம்ளர் காலியாகிற வரைக்கும் எதிரிலேயே நிற்பாள். அப்புறம் தன் நாற்காலியை இழுத்து வாசலுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்துவிடுவாள். அவளும் நல்ல கனத்த சரீரம். அவளைத் தாண்டி ஒரு பூனைகூட வெளியே போக முடியாது.

சுகாதார நிலையத்தின் நடைக்கோடியில் இருக்கிறது அந்த இரத்தப் பரிசோதனை அறை. ஜன்னலைத் திறந்தால் ஆற்றுக்கு அப்பால் குன்று முழுக்க ராஸ்பெர்ரித் தோட்டம். கர்ப்பிணிகளுக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க இந்த வட்டாரத்துக்கே இது ஒன்றுதான் இடம். வெறும் வயிற்றில் வந்து ஒருமுறை இரத்தம் கொடுக்க வேண்டும். இனிப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு அசையாமல் உட்கார வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து ஒருமுறை, இரண்டாவது மணி முடிந்ததும் ஒருமுறை, மறுபடி இரத்தம். நடுவில் எழுந்து நடந்தால் உடம்பு சர்க்கரையைச் செலவழித்துவிடும், கணக்கு பொய்யாகிவிடும். இதையெல்லாம் அவள் விளக்கிச் சொல்வதில்லை. "குந்து" என்று ஒரே வார்த்தைதான். ஊரில் அவளுக்கு ஜெயிலர் என்று பெயர். அது அவளுக்கும் தெரியும்.

பழம் பறிக்கிற பருவத்தில்தான் சண்டை அதிகம்.

"வெயில் ஏறினா பழம் கொழகொழன்னு போயிடும் சிஸ்டர். என் மாமியார் என்னைக் கொன்னே போட்டுருவா."

"போகட்டும். உள்ள இருக்கற பழத்தைப் பாரு மொதல்ல."

"ஒரே ஒரு சிகரெட் சிஸ்டர். வாசப்படியில நின்னே ஊதிட்டு வந்துடறேன்."

"வயித்தைத் தள்ளிக்கிட்டு சிகரெட் வேறயா? ஒரு அடி எடுத்து வெச்சுப் பாரு. நாளைக்கு மறுபடி முதல்லேர்ந்து."

இரத்தக் குப்பிகள் வைக்கிற குளிர்சாதனப் பெட்டி விஷயத்திலும் அவள் ஒரு மாதிரிதான். தின்பண்டம் எதையும் அதற்குள் வைக்கக் கூடாது. ஒருநாள் டாக்டரே பாலாடைக்கட்டிப் பணியாரத்தைக் காகிதத்தில் சுற்றி உள்ளே வைத்துவிட்டார். ஸ்தாமென்கா அதை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டாள். டாக்டர் அன்றைக்குப் பட்டினி.

ஆனால் இவள் பிறவி ஜெயிலர் அல்ல. முன்பெல்லாம் இளகின மனசுக்காரி. அழுதால் விட்டுவிடுவாள். சந்தைக்குப் போய்வரச் சொல்லி அனுப்பியிருக்கிறாள், இரண்டாவது மணிக்கு முன்பே ஊசி குத்தி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாள். "தங்கமான சிஸ்டர்" என்று பெயர் வாங்கினது அப்போதுதான். அந்தப் பெயர் போனது மருமகள் நெவேனாவால்.

நெவேனா முதல் பிள்ளை உண்டாகியிருந்தபோது இதே அறைக்கு வந்தாள். பாதி டம்ளர் உள்ளே போனதும் குமட்டிக்கொண்டு வந்துவிட்டது. கை கழுவுகிற தொட்டியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துவிட்டு அழுதாள். வாந்தி எடுத்தால் சோதனை செல்லாது, இன்னொரு நாள் வர வேண்டும். இது ஸ்தாமென்காவுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் எதிரில் நிற்பது சொந்த மருமகள். ஈரத்துணியால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்:

"போதும், விடு கண்ணு. நம்ம பரம்பரையிலேயே சக்கரை கெடையாது. உன் புருஷன் அஞ்சு கிலோவுக்கு மேல பொறந்தவன், தெரியுமில்ல? ஊரே வந்து பாத்துட்டுப் போச்சு. நீ வீட்டுக்குப் போய்ப் படு."

டாக்டர் கேட்டபோது, "என் மருமகதானே, நான் பாத்துக்கறேன்" என்றாள். அவரும் தலையாட்டிவிட்டார்.

அந்த ஊரில் குழந்தை எடையோடு பிறப்பது ஒரு பெருமை. அப்பன்காரன் சாராயக் கடையில் கிலோ கணக்கைச் சொல்லித்தான் எல்லோருக்கும் வாங்கி ஊற்றுவான். நெவேனாவின் வயிறு பெருக்கப் பெருக்கத் தெருவே கண் வைத்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் ஒரு கரண்டி பழப்பாகும் ஒரு டம்ளர் தண்ணீரும் கொடுப்பது அங்கே மரியாதை. ஸ்தாமென்காவின் பிளம் பாகுக்கு ஊரில் தனி மதிப்பு. அதை விருந்தாளிக்கு ஒரு கரண்டி கொடுத்தால் மருமகளுக்கு மூன்று கரண்டி ஊட்டினாள். பிரியத்தோடுதான் ஊட்டினாள்.

தாய்க்குச் சர்க்கரை இருந்தால் வயிற்றுப்பிள்ளை அளவு மீறிப் பெருத்துவிடும். பிரசவத்தில் குழந்தையின் தலை வந்துவிட்டது, தோள் வரவில்லை. சிக்கிக்கொண்ட பிள்ளையை உயிரோடு எடுத்ததே பெரிய காரியம் என்றார்கள். இழுத்த இழுப்பில் வலது தோளின் நரம்பு போய்விட்டது. குழந்தை பிறந்த சேதி கேட்டால் நண்பர்கள் அப்பன்காரனின் சட்டையைக் கிழித்துக் கொண்டாடுவார்கள். ஸ்தாமென்காவின் மகன் வுகாஷினுடைய சட்டையையும் கிழித்தார்கள். நார் நாராகத் தொங்கும் சட்டையோடு, சிரித்துக்கொண்டே ஆஸ்பத்திரிப் படி ஏறினான் அவன். மகளை எடுத்துக் கையில் கொடுத்தபோது ஒரு கை துணிபோலத் தொங்கியது.

பிற்பாடுதான் ஸ்தாமென்காவுக்கு ஒவ்வொன்றாக உறைத்தது. மகன் வயிற்றில் இருந்தபோது தனக்கு எப்படித் தாகம் எடுத்தது, குடம் குடமாக எப்படித் தண்ணீர் குடித்தோம் என்பதெல்லாம். பரம்பரையில் சர்க்கரை இல்லை என்றாளே, பார்த்தால்தானே தெரியும்? யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பாவம், மகனைப் பெற்ற பெருமை என்று அவள் இத்தனை வருஷம் தூக்கிச் சுமந்தது தன்னுடைய வியாதியைத்தான்.

நெவேனா கத்தவில்லை, சபிக்கவில்லை. குழந்தையை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு அப்பால் தன் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். வுகாஷினும் பின்னாலேயே போனான். வீட்டுத் தெய்வத்தின் திருநாளுக்கு அவன் மட்டும் தனியாக வந்து, மெழுகுவர்த்தி ஏற்றி, அவசரமாகச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவான். அதற்கப்புறம் ஸ்தாமென்கா பழப்பாகு காய்ச்சவே இல்லை.

போன வாரம் ஒரு காலையில் நெவேனா வந்தாள். மறுபடியும் உண்டாகியிருக்கிறாள். கூடவே மகள் துன்யா. குழந்தை ஜன்னலோரம் உட்கார்ந்து இடது கையால் காகிதத்தில் வீடு வரைய ஆரம்பித்தது. வலது கை மடியில் கிடந்தது.

"வணக்கம் சிஸ்டர்" என்றாள் நெவேனா.

அத்தை என்று கூப்பிட்ட வாய். ஸ்தாமென்கா முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. கையை நீட்டச் சொல்லி இரத்தம் எடுத்தாள். நெவேனா கொண்டுவந்த எலுமிச்சம்பழத்தை உருட்டினாள். அன்றைக்கு ரொம்ப நேரம் உருட்டினாள்.

டம்ளரை நெவேனா முழுவதும் குடித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனாலும் குடித்தாள். முதல் மணி போயிற்று. மறுபடி இரத்தம் எடுத்தாயிற்று. வாசல் நாற்காலியில் உட்கார்ந்தபடி ஸ்தாமென்கா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மருமகள் மூச்சு விடுகிற சத்தம் ஒவ்வொன்றும் அவள் காதில் விழுந்தது.

இரண்டாவது மணி முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. நெவேனாவின் முகம் வெளுத்தது. வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து தொட்டிக்கு ஓடினாள்.

உள்ளே இருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது. பெஞ்சில் இருந்தவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். சோரிட்சா என்ற பெண்ணுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை.

"இன்னும் கொஞ்ச நேரம்தானே பாக்கி சிஸ்டர்? இப்பவே எடுத்துடுங்களேன். பாவம், குன்று எறங்கி வந்திருக்கா."

நெவேனாவும் நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி ஒருதரம் அதைக் குடிக்க அவளுக்கும் தெம்பில்லை. எடுத்துவிடுங்கள் என்றுதான் அந்தக் கண்கள் கெஞ்சின.

ஸ்தாமென்கா ஈரத்துணியை எடுத்தாள். துணியை நெவேனாவின் கையில் கொடுத்தாள். முகத்தைத் தொடவில்லை.

"இது செல்லாதும்மா. நாளைக்கு மறுபடியும் வரணும்."

நெவேனா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துணியை மடித்துத் தொட்டி விளிம்பில் வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"அன்னைக்கே இதைச் சொல்லியிருக்கலாமே, அத்தை."

நாளைக்கு வருவாயா என்று கேட்க வேண்டும். கேட்க ஸ்தாமென்காவுக்கு என்ன முகம் இருக்கிறது? போய் வாசலில் கிடந்த நாற்காலியைத் தூக்கி ஓரமாக வைத்தாள்.

வருகிறேன் என்றும் சொல்லாமல், வரமாட்டேன் என்றும் சொல்லாமல் நெவேனா வெளியே நடந்தாள். பின்னால் போன துன்யா நடையில் திரும்பி நின்றாள். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, அந்தக் கையை இப்படியும் அப்படியும் ஆட்டி டாட்டா காட்டினாள்.

அவர்கள் போனபின் மேஜைமேல் பிழியாத பாதி எலுமிச்சம்பழம் கிடந்தது. ஸ்தாமென்கா அதை எடுத்துச் சுத்தமான பஞ்சுத்துணியில் சுற்றினாள். இரத்தக் குப்பிகளின் பெட்டியைத் திறந்தாள். இருக்கிற குப்பிகளை ஒதுக்கி இடம் பண்ணி, நடுத்தட்டில் அதை வைத்துக் கதவைச் சாத்தினாள்.