பிரித்தவர் சொல்லாத கடிதங்கள்

சனிக்கிழமை காலை மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். "தங்கவேலு அண்ணன் போயிட்டாருலா" என்று பக்கத்து வீட்டு ராஜம்மா வேலிக்கு அப்பால் நின்று சொன்னாள். கத்தியை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

நம் ஊர் கஜா பேராங்கில் உங்களுக்கெல்லாம் அவர் போலீஸ் மொழிபெயர்ப்பாளர், சிடுமூஞ்சி. அவர் எனக்குச் செய்ததை இன்றும் சொல்லாவிட்டால் நான் மனுஷியே இல்லை.

வெள்ளைக்காரன் காட்டுக் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலத்தில் நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. இன்று என் கணவராக இருப்பவர் அன்று பத்து பெரெண்டாம் என்ற ஊரின் விமானத் தளத்தில் கிராணி, கணக்கு எழுதும் வேலை. பல தலைமுறைக்கு முன்பே இங்கு வந்து தமிழை மறந்துபோன செட்டி வீட்டுப் பிள்ளை, மலாய்தான் பேசுவார். அவருக்குத் தமிழ் எழுத்தை மட்டும் கற்றுக்கொடுத்தேன். மலாயைத் தமிழ் எழுத்தில், ஒவ்வொரு சொல்லையும் தலைகீழாக எழுதிக்கொள்வோம். இரண்டு வீட்டாருக்கும் புரியாது என்று எங்களுக்கு ஒரே பெருமை.

ஒருநாள் சாலைத் தடுப்பில் அவர் பையில் இருபது கடிதங்கள் அகப்பட்டன. விமானத் தளத்து ஆள், யாருக்கும் விளங்காத எழுத்து. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குத் தகவல் என்றே முடிவு கட்டினார்கள். விசாரணையில்லாமல் வருஷக்கணக்கில் அடைத்துவைக்க அப்போது சட்டம் இருந்தது. என் பெயர் வந்துவிடும் என்று அவர் வாயே திறக்கவில்லை.

தங்கவேலு அண்ணன் இரண்டே நாளில் எல்லாவற்றையும் படித்து, எழுதியது நான்தான் என்று அதிலிருந்தே கண்டுபிடித்து என் பள்ளிக்கு வந்தார். "ஆபத்து ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டேன். தொரை நம்பல. நாளைக்கு ஸ்டேசனுக்கு வாம்மா, நீயே படி."

மறுநாள் இருபதையும் மொழிபெயர்க்கச் சொன்னார் வெள்ளைக்காரப் போலீஸ் துரை. அண்ணன் ஆங்கிலத்தில், குரலை உயர்த்தாமல் சொன்னார்: "நாட்டைக் காப்பது உங்கள் கடமை, ஒப்புக்கொள்கிறேன். நீங்களே ஒன்றை எடுங்கள். எழுதியவள் படிக்கட்டும், நான் சரிபார்க்கிறேன். அதில் தவறு இருந்தால் எல்லாவற்றையும் படிப்போம். இல்லையென்றால் மீதி அவர்களுடையது. முடியாதென்றால் என் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்."

நாலு பிள்ளைகளின் தகப்பன் பேசுகிற பேச்சா இது? துரை கட்டின் நடுவிலிருந்து ஒரு கடிதத்தை உருவினார்.

"அந்த மீசையை எடுக்காவிட்டால் தேர் அன்று உங்கள் பக்கம் திரும்பமாட்டேன்" என்று படித்தேன்; அண்ணன் சரிபார்த்து ஆங்கிலத்தில் சொன்னார். துரை கைதியின் மீசையைப் பார்த்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை அவருக்கு. அன்று மாலையே நாங்கள் இருவரும் கடிதக் கட்டோடு, தலை நிமிர்ந்து, கடைத்தெரு வழியாக நடந்து வந்தோம். இனி ஊருக்குப் பயந்து என்ன ஆகப்போகிறது? அடுத்த தை மாதமே கல்யாணம்.

மெர்டேக்கா, நாடு சுதந்திரம் அடைந்த அன்று, கூட்டத்தில் என் கணவர் அவரைக் கட்டிப்பிடித்து, "மீதிப் பத்தொன்பதில் உங்களுக்குப் பிடித்தது எது?" என்று மலாயில் கேட்டார்.

அண்ணன் முகத்தைச் சுளித்தார். "எந்தக் கடிதம்?"

இருபதையும் படித்த அவர் சாகும்வரை மாற்றிக்கொள்ளாத அந்த ஒரு பொய்யை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.