கம்ப்யூட்டருக்கு வைத்த பொட்டு

மூன்று வாரங்களுக்கு முன்பு, கண்டி டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடையில், என் கைப்பையிலிருந்து மகளின் நகப்பூச்சை எடுத்து யாருக்கும் தெரியாமல் ஒரு காரியம் செய்தேன். இன்றுவரை அதை நினைத்தால் காது சூடாகிறது.

முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு பழைய ஆல்-இன்-வன் கம்ப்யூட்டர் இருக்கிறது. பெட்டி தனி, திரை தனி என்றில்லாமல், எல்லாமே திரையின் முதுகுக்குள் அடங்கிய ரகம். பிறந்தநாள் கார்டு, கல்யாண அழைப்பிதழ் என்று வீட்டிலிருந்தபடி நான் டிசைன் செய்து கொடுப்பது அதில்தான். மகள் அக்‌ஷரா பிறந்த நாளிலிருந்து ஐந்து வருடப் படங்கள் இருப்பதும் அதில்தான். வேறெங்கும் இல்லை. ஏன் பிரதி எடுத்து வைக்கவில்லை என்று நீங்கள் கேட்க வேண்டாம்... என் கணவர் கேட்டு முடித்துவிட்டார்.

சில வாரங்களாகத் திரையில் பச்சையும் ஊதாவுமாகக் கோடுகள். கொஞ்சம் பெரிய படத்தைத் திறந்தால் அப்படியே உறைந்து நிற்கும். தூக்கிப் போட்டுவிட்டு லேப்டாப் வாங்கலாம் என்றார் கணவர். ஆல்-இன்-வன்னில் எதையும் மாற்றவே முடியாது என்றாள் தோழி. முடியும் என்று சொன்னது ஒரே ஒருவர் — தேவா அண்ணன்.

எல்லோரும் முடியாது என்பதை ஒருவர் மட்டும் முடியும் என்றால், உங்களுக்குச் சந்தேகம் வராதா? எனக்கு வந்தது.

தேவா அண்ணன் புசல்லாவையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, டவுனில் ஒரு மாடியறையில் கடை நடத்துகிறார். கம்ப்யூட்டரை மெத்தை விரிப்பில் சுற்றி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். அவர் அதை மேசையில் குப்புறப் படுக்க வைத்து, முதுகைத் திறந்தார். உள்ளே ஒரு உலோகத் தகட்டைத் தொட்டுக் காட்டினார்.

“இந்தா, இதுதான் மிஸ் உங்க கிராபிக்ஸ் கார்டு. நல்ல வேளை, இந்த மாடல்ல தனியாத்தான் வருது. இதவிட நல்லது ஒன்னு இருக்கு, வேற மெஷின்ல கழட்டுனது. போட்டுப் பார்க்கலாம். ரெண்டு நாள் கொடுங்க.”

வேறு மெஷினில் கழற்றியது! அப்படியென்றால் என் மெஷினில் கழற்றுவது யார் வீட்டுக்குப் போகும்?

அந்த நேரம் பார்த்து அவருக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே வெளிப்படிக்குப் போனார். நான் நகப்பூச்சை எடுத்தேன். மினுமினுக்கும் இளஞ்சிவப்பு. படங்கள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு புள்ளி. மெமரியில் ஒரு புள்ளி. அவர் தொட்டுக் காட்டிய கார்டில் ஒரு புள்ளி. ஊதி ஊதிக் காய வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல் கதிரையில் உட்கார்ந்துகொண்டேன். அவர் வந்ததும், கழற்றிய சாமானை எனக்கே தந்துவிட வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அது நம் ஊர் வழக்கம்தானே? கராஜில் பிரேக் மாற்றினால்கூடப் பழையதைக் கையில் வாங்கிப் பார்த்தால்தான் நமக்கு மனம் ஆறும்.

இரண்டாம் நாள் போனேன். திரையில் கோடு இல்லை. படங்கள் எல்லாம் இருந்தன. முதுகு மூடியிருந்ததால் உள்ளே பார்க்க முடியவில்லை. பழைய கார்டை ஒரு உறையில் போட்டுத் தந்தார்.

வீட்டுக்கு வந்து உறையைப் பிரித்தேன். முன்பக்கம் பார்த்தேன், பின்பக்கம் பார்த்தேன், ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன். புள்ளி இல்லை.

இது என் கார்டே இல்லை! என்னுடையது நன்றாக இருந்திருக்கிறது, அதை எடுத்துக்கொண்டு செத்துப்போன எதையோ தந்திருக்கிறார். கார்டையே மாற்றியவர் என் மகளின் படங்களைப் பிரதி எடுக்காமலா இருந்திருப்பார்? மாலைக்குள் எனக்குள் ஒரு முழுக் குற்றப்பத்திரிகை தயாராகிவிட்டது. மெஷின் நன்றாக வேலை செய்கிறதே, முதலில் அவரிடம் கேட்டுப்பார் என்றார் கணவர். கேட்டால் ஒத்துக்கொள்வார்களா என்ன?

அக்‌ஷராவின் முன்பள்ளி அம்மாமார் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். கடையின் பெயரோடு எழுதினேன். சாமான் மாற்றுகிறார்கள், கவனம் என்று.

நன்றிகள் குவிந்தன. கும்பிடும் கைகள், கோபமான முகங்கள். ஒரு அம்மா குரல் பதிவே அனுப்பியிருந்தார். அந்த ஆளின் முழியே சரியில்லை என்று தனக்கு அப்போதே பட்டதாம். எனக்குச் சமூக சேவை செய்த திருப்தி. ஆனாலும் தூக்கம் வரவில்லை. ஒருவேளை நகப்பூச்சு உரிந்திருந்தால்...?

மறுநாள் அதே விரிப்பு, அதே ஆட்டோ. “அதே நோயாளியா?” என்று கேட்டார் ஆட்டோக்காரர். நான் சிரிக்கவில்லை.

கடையில் உறையை மேசையில் வைத்தேன். மெஷினைத் திறந்து காட்டச் சொன்னேன். அவர் உடனே திறந்தார்.

ஹார்ட் டிஸ்க்கில் என் புள்ளி இருந்தது. மெமரியில் இருந்தது. நடுவிலிருந்த உலோகத் தகட்டிலும் மினுமினுவென்று இருந்தது.

அது கார்டு இல்லை. கார்டின் சூட்டை இழுக்க மேலே மூடியிருக்கும் தகடு. கார்டு அதற்கு அடியில் இருக்கிறது. பழைய கார்டைக் கழற்றி, புதியதைப் போட்டு, அதே தகட்டைத் துடைத்து மேலே பூட்டியிருக்கிறார். நான் அடையாளம் வைத்தது மூடிக்கு!

நான் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருப்பதை அவர் கவனித்தார்.

“பொட்டு அழியல மிஸ், பயப்படாதீங்க. சரஸ்வதி பூஜைக்கு நம்ம ஆளுங்க மெஷினுக்கு வெளியிலதான் வைப்பாங்க. உள்ளுக்கும் வச்சிருக்கீங்களேன்னு, பாத்து பாத்து அதச் சுத்தித்தான் தொடச்சேன்.”

நான் சந்தேகத்தில் வைத்தது பூட்டு. அவர் அதைப் பூஜை என்று நினைத்துக் காப்பாற்றியிருக்கிறார்.

முதுகை மூடி ஆணியை முடுக்கிக்கொண்டே அவர் இன்னொன்றும் சொன்னார். அன்று காலையில் ஒரு அம்மா, திருத்தக் கொடுத்த லேப்டாப்பைத் திறக்க விடாமலே திரும்ப வாங்கிக்கொண்டு போனாராம். காரணம் சொல்லவில்லையாம். முன்பள்ளிப் பிள்ளை ஒன்று கூட இருந்ததாம்.

பேசாமல் கிளம்பியிருக்கலாம். குழுவில் எழுதியதை அழித்துவிட்டு இருந்திருக்கலாம். படி வரைக்கும் போய்விட்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். கையில் இருந்த கம்ப்யூட்டரின் கனம் தாங்கவில்லையா, வேறு எதுவுமா, தெரியாது... திரும்பி வந்து எல்லாவற்றையும் சொன்னேன். நகப்பூச்சு, புள்ளி, குழு, கடையின் பெயர்.

அவர் ஆணி முடுக்கிய திருப்புளியைத் துணியால் துடைத்து மேசையில் வைத்தார்.

“எங்கிட்ட மன்னிப்பு கேட்டு என்ன மிஸ்? எங்க சொன்னீங்களோ அங்கயே சொல்லிடுங்க. அது போதும்.”

கடைப் படியில் நின்றபடியே எழுதினேன். தவறு என்னுடையது, அவர் எதையும் மாற்றவில்லை, நான்தான் மூடிக்கு அடையாளம் வைத்தேன் என்று விளக்கமாக. அன்று நன்றி சொன்ன கைகளில் ஒன்றைக்கூடக் காணவில்லை. கெட்ட செய்தியைப் பத்துப் பேருக்கு அனுப்ப நமக்கு விரல் உண்டு. திருத்தத்தை அனுப்ப ஏன் விரல் வருவதில்லை?

கடைசியில் ஒரே ஒரு பதில் வந்தது, தனியாக. குரல் பதிவு அனுப்பிய அதே அம்மா:

“அக்கா, அந்த ஆள் உங்கள மிரட்டுறானா? பேச முடியலன்னா ஒரு தம்ஸ்-அப் மட்டும் போடுங்க.”

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

அதனால் குழுவுக்கு வெளியேயும் ஒருமுறை சொல்லி வைக்கிறேன்: யாரும் என்னை மிரட்டவில்லை, உங்கள் பழைய மெஷினையும் அவரிடம் தாராளமாகக் கொண்டு போங்கள் — நகப்பூச்சை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு.