மணிக்கட்டு முறிந்த வருஷம்

மொன்றியலுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரு மேல்மாடி வீட்டில் இருந்தோம். படிகள் வெளிப்புறமாக இருந்தன. குப்பைப் பையோடு இறங்கிய ஒரு காலையில் உறைபனி வழுக்கிவிட்டது. வலது கையை ஊன்றி விழுந்தேன், மணிக்கட்டு முறிந்தது. மகனுக்கு அப்போது எட்டு மாதம்.

ஆறு கிழமை பிளாஸ்டர் கட்டு. கணவர் உணவக வேலைக்குப் போனபின், கீழ்வீட்டில் இருந்த திருகோணமலை அக்காதான் மேலே வந்து பிள்ளையைக் குளிப்பாட்டுவார், தூக்கி வைத்திருப்பார். நான் தரையில் அவனுக்குப் பக்கத்தில் படுத்தபடி, இடது கையால் பால்போத்தலைப் பிடித்துக் கொடுப்பேன். அழுகை வந்தால் அவன் என்னைப் பார்ப்பதில்லை. அக்கா வரும் கதவைத்தான் பார்ப்பான்.

கட்டைப் பிரித்தபோது கை மெலிந்து, தோல் உரிந்து, வேறு யாருடையதோ போலக் கிடந்தது. விரல்கள் மடங்கவில்லை. எங்கள் அகதி விசாரணைக்கு இன்னும் அழைப்பு வரவில்லை. கை வழங்காத ஒருத்தியை இந்த நாடு எதற்கு வைத்திருக்கும் என்ற எண்ணம் எப்படியோ மனதில் ஏறிவிட்டது. கடிதப்பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அரசாங்கக் கடிதம் இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுவேன்.

ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுத்த பெண் பிரெஞ்சு மட்டும்தான் பேசினார். அக்கா வகுப்புக்குப் போய்க் கொஞ்சம் பிரெஞ்சு பழகியிருந்தார்; மொழிபெயர்க்கக் கூடவே வருவார். இளஞ்சூட்டுத் தண்ணீருக்குள் துணியைப் பிழிய வேண்டும். முழங்கையை மேசையில் ஊன்றி, ஒரு கரண்டியைப் பிடித்து இருபுறமும் திருப்ப வேண்டும். பத்துத் தரம், நாளுக்கு மூன்று வேளை. பாரம் தூக்கவே கூடாது. ஒவ்வொரு முறையும் அந்தப் பெண் கை எவ்வளவு திரும்புகிறது என்று ஒரு கருவியால் அளந்து தாளில் எழுதுவார். கிழமைகள் போயும் பெரிய மாற்றமில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. பத்துக்குப் பதில் நாற்பது தரம் செய்தேன். கை வீங்கியது.

ஒரு பின்னேரம் அக்கா வகுப்புக்குப் போயிருந்தார். மகன் தவழ்ந்து வந்து என்னைப் பார்த்து இரண்டு கைகளையும் நீட்டினான். தூக்கிவிட்டேன். மணிக்கட்டில் ஏதோ கிழிந்தது போல ஒரு வலி. அவன் நழுவுவதற்குள் அப்படியே தரையில் அமர்ந்தேன். கணவரிடம் சொல்லவில்லை. வீக்கத்தை நீளக் கைச்சட்டையால் மறைத்தேன்.

அடுத்த முறை அளந்ததும் அந்தப் பெண் தாளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அளவு குறைந்திருந்தது. என்ன நடந்தது என்று கேட்டார். கையின் மேல் படுத்துவிட்டேன் என்றேன். அக்கா அதை மொழிபெயர்க்காமல் என் பக்கம் திரும்பினார்.

“இதை நான் சொல்லமாட்டன் பிள்ளை. உண்மையைச் சொல்லும்.”

“மகனைத் தூக்கினனான் அக்கா. இதை எழுதி விசாரணைக்காரருக்கு அனுப்புவினமோ எண்டு கேளுங்கோ.”

அந்தப் பெண்ணுக்கு முதலில் கேள்வியே விளங்கவில்லை. விளங்கியதும் பேனாவை வைத்துவிட்டு, தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார். வெறும் இலக்கங்கள். அது இந்த அறையை விட்டுப் போகாது என்றாராம். பிறகு மெதுவாக நிறையச் சொன்னார். அக்கா அதைச் சுருக்கினார்:

“நல்லாயிருக்கிற நாளும் பத்துத்தானாம், ஏலாத நாளும் பத்துத்தானாம்.”

பயிற்சியை மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். இப்போது பத்தோடு நிறுத்துவதுதான் கஷ்டமாக இருந்தது. மகன் எதிரில் இருந்து இன்னொரு கரண்டியால் தரையில் தட்டுவான். சில நாட்கள் முந்தைய நாளைவிடக் குறைவாகவே கை திரும்பும். ஆனாலும் பத்துக்கு மேல் போகவில்லை.

இனித் தூக்கலாம் என்று அந்தப் பெண் சொன்னபோது கோடை வந்துவிட்டது, மகன் நடக்கத் தொடங்கியிருந்தான். பஸ் தரிப்பிடத்தில் தூக்கினேன். இறக்கிவிடு என்று நெளிந்தான். பஸ் வரும்வரை நான் விடவில்லை.

விசாரணைக்கு அடுத்த குளிர்காலத்தில்தான் கூப்பிட்டார்கள். சத்தியம் செய்ய வலது கையை உயர்த்தச் சொன்னார்கள். உயர்த்தினேன். கையைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

உள்ளங்கை இன்றும் முழுதாகத் திரும்பாது. கோயிலில் தீர்த்தம் வாங்கும்போது தோளைச் சற்றுச் சரிக்க வேண்டும்.