கால் கழுவிய தண்ணீர்

சண்டைக் காலத்தில் இடிந்து, பிறகு கட்டிய எங்கள் சின்ன ரயில் நிலையத்தில் இருக்கும் வசதி உட்கார ஒரு வாங்கும் ஒரு தண்ணீர்ப் பீப்பாயும்தான். மட்டக்களப்பில் வேலை முடிந்து, களைத்துப்போய் மாலை ரயிலில் இறங்கும் நான், தினமும் அந்தத் தண்ணீரை அள்ளிக் கால் கழுவுவேன். செருப்பையும் கழுவுவேன். குழாய்த் தண்ணீர் என்றே நினைத்திருந்தேன்.

ஒருநாள் பீப்பாய் வற்றிக் கிடந்தது.

"தண்ணிகூட ஒழுங்கா வைக்கமாட்டாங்க" என்று எரிச்சலோடு சொன்னேன்.

நிலையத்தைக் கூட்டும் அக்கா, இரண்டு கேன்கள் கட்டிய சைக்கிளை மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"கொஞ்சம் பொறுங்க சேர். இங்க வாவிக்கரைக் கிணறெல்லாம் உப்பு. தினமும் கோயில் கிணத்துலதான் அள்ளிக்கிட்டு வாறன்."

முதல் கோப்பையை நிரப்பி, என் காலடியில் குனிந்தார்.

"காலை நீட்டுங்க, ஊத்துறன்."

காலை இழுத்துக்கொண்டேன். "குடிக்கத் தாங்க அக்கா" என்றேன்.

இத்தனை வருடத்தில் அன்றுதான் அதைக் குடித்தேன். துளி உப்பில்லை.